கார்மென் ஹெரேரா 89 வயதில்தான் தூரிகை எடுத்தாரா?

"89 வயதில் ஓவியம் கற்று உலகப் புகழ்பெற்ற பாட்டி" என்று ஓவியர் கார்மென் ஹெரேராவின் புகைப்படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 89 என்பது அவருடைய ஓவியம் முதன்முதலாக விலைபோன வயது. ஆண்டு 2004.

1915-இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். 1948 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் இருந்தபோதே அவருடைய பாணியான கூர்மையான கோடுகளும் ஓரிரு நிறங்களும் அவர் கைக்கு வந்துவிட்டன. அப்புறம் நியூயார்க். பச்சை முக்கோணங்கள் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு போகும் ஓவிய வரிசையை 1959-இல் தொடங்கினார். கண்காட்சிகளும் நடந்தன, வாங்கத்தான் ஆளில்லை. பெண் என்பதாலேயே ஒரு கேலரி மறுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

101 வயதில், 2016-இல், நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அதில் இருந்தவை 1948-க்கும் 1978-க்கும் இடையில் வரைந்தவை.