பசிக்கப் போட்டு ஹேண்ட் ஃபீடிங்கை மறக்கடிக்காதீர்கள்

"தட்டு நிறையத் தானியம் கிடக்கிறது, பசித்தால் தானே தின்னும்." கிளிக்குஞ்சு வளர்ப்பவர்கள் புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சொல்லும் யோசனைகளில் என்னை ரொம்பப் பதற வைப்பது இதுதான். இதை நம்பி நான் ஒரு குஞ்சைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

என் முதல் காக்கடீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) குஞ்சு வீட்டுக்கு வந்தபோது அதற்கு நான்கு வாரம். முதுகில் இறகு வந்துவிட்டது, தலையில் மட்டும் குருத்துகள் உறை பிரியாமல் முள் முள்ளாக நின்றன. கொடுத்தவர் சொன்னார்: "ஆறு வாரம் ஆனதும் சிரிஞ்சில் கூழ் ஊட்டுறதை நிறுத்திடுங்க. கத்தும், அடம் பிடிக்கும். ரெண்டு நாள் கண்டுக்காதீங்க." அப்படியே செய்தேன். ஆறாவது வாரம் சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கூண்டில் தினைக்கதிர் தொங்கியது, கிண்ணத்தில் தானியம் இருந்தது. முதல் நாள் முழுக்கக் கத்தியது. இரண்டாம் நாள் சத்தம் குறைந்தது. எந்நேரமும் கிண்ணத்தில் தலையை விட்டுக் கொறித்துக்கொண்டே இருந்தது, உமி குவிந்தது. தின்னப் பழகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஏதோ தோன்றி, சமையலறைத் தராசில் தூக்கி வைத்தேன். 93 கிராம் இருந்த குஞ்சு 78 காட்டியது. நெஞ்சைத் தொட்டால் நடு எலும்பு கத்தி விளிம்பு மாதிரி விரலில் தட்டியது. கிண்ணத்தைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். உமிக்கு நடுவே உடைந்த அரிசி பாதிப் பாதியாக அப்படியே கிடந்தது. உமியை உடைக்க அதற்குத் தெரிந்திருக்கிறது, உள்ளே இருப்பதை விழுங்கத் தெரியவில்லை. அடம் அடங்கிவிட்டது என்று நான் நினைத்தேனே, அது கத்தக்கூடத் தெம்பில்லாமல் போன சத்தமின்மை.

அன்றிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்: குஞ்சு தின்கிறதா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கிராம் கணக்கில் காட்டும் தராசு வேண்டும். தினமும் காலையில், தீனிப்பை (கழுத்தடியில் தின்றது தங்கும் பை) காலியாக இருக்கும்போது, முதல் வேளை ஊட்டுவதற்கு முன்னால் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். பறக்கத் தொடங்கும் பருவத்தில் எல்லாக் கிளிக்குஞ்சும் கொஞ்சம் இளைக்கும். உச்ச எடையில் பத்து சதவீதம் வரை குறைவது இயல்பு. அதைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனால், எத்தனை வாரக் குஞ்சாக இருந்தாலும் கூழைத் திரும்பக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பறவை மருத்துவரிடமும் காட்டிவிட வேண்டும்.

திரும்பக் கொடுக்கும்போதுதான் இன்னொரு கண்டம். சின்னக் குஞ்சு தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டிக்கொண்டே கூழை வாங்கும். அந்த ஆட்டத்தின்போது மூச்சுக்குழல் மூடியிருப்பதால் கூழ் நேராகத் தீனிப்பைக்குப் போகும். வளர வளர இந்த ஆட்டம் குறைந்துவிடும். அப்போது சிரிஞ்சை வாயில் திணித்து அழுத்தினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி நிமிடத்தில் செத்த குஞ்சுகள் உண்டு, சில நாள் மூச்சு வாங்கிச் செத்தவையும் உண்டு. சிரிஞ்சுதான் என்றால் குஞ்சின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நோக்கிக் கொடுப்பார்கள், உணவுக்குழல் கழுத்தின் வலப்புறம் இறங்குவதால். நான் கரண்டிக்கு மாறிவிட்டேன். இரண்டு ஓரத்தையும் உள்ளே வளைத்த சின்னக் கரண்டி. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் குஞ்சு தன் வேகத்தில் வாங்கிக்கொள்ளும்.

கூழின் சூடு நாற்பது டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், விரலை நம்பாதீர்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்துக் கிடக்கும், தீனிப்பை வெந்து ஓட்டை விழுந்துவிடும். ஆறிப்போன கூழைக் குஞ்சு மறுக்கும். மறுக்காமல் வாங்கினாலும் அது செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஒரு நாளில் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரவில், தீனிப்பை முழுசாகக் காலியாக வேண்டும்.

இனி மறக்கடிக்கும் விஷயம். குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிற தாய், முதல் நாள் வரை பால் கொடுத்துவிட்டு மறுநாள் வெறும் தட்டை முன்னால் வைப்பதில்லை. காட்டில் கிளிகளும் அப்படிச் செய்வதில்லை. குஞ்சு பொந்தை விட்டுப் பறந்த பிறகும் பெற்றவை கூடவே இருந்து பல நாள் ஊட்டும். முதலில் பறக்கும், பிறகுதான் முழுசாகத் தானாகத் தின்னும். அதனால்தான் பறக்கும் முன்பே இறக்கையின் இறகுகளை வெட்டுவதை நான் ஏற்பதில்லை.

வயது ஒரு தோராயம்தான். பட்ஜி என்ற சின்னக் கிளி ஐந்தாறு வாரத்தில் தேறிவிடும். காக்கடீலுக்கு ஏழு முதல் பத்து வாரம், ஆப்பிரிக்கன் கிரேக்கு மூன்று நான்கு மாதம், பெரிய மக்காவுக்கு அரை ஆண்டுகூட ஆகும். ஒரே ஈட்டில் பொரித்த இரண்டு குஞ்சுகளே ஒன்றுபோல இருக்காது. அமெரிக்காவில் கிளி வளர்த்த பீபி கிரீன் லிண்டன் 'அபண்டன்ஸ் வீனிங்' என்று ஒரு முறைக்குப் பெயர் வைத்தார். எல்லா வகைத் தீனியும் தாராளமாக முன்னால் இருக்கும், குஞ்சு கேட்கும்போதெல்லாம் ஊட்டலும் உண்டு. வயிறு நிறைந்த குஞ்சுதான் புதுசாக ஒன்றைக் கடித்துப் பார்க்கத் துணியும். பசியில் இருக்கும் குஞ்சு உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நான் பகல் வேளைகளை ஒவ்வொன்றாக அதன் போக்கில் விட்டேன், ராத்திரி வேளையைக் கடைசி வரை வைத்திருந்தேன். வேகவைத்த சோளத்தையும் கேரட்டையும் வெதுவெதுப்பாகத் தட்டில் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்து நானும் தின்றேன். ஆள் தின்பதைப் பார்த்தால் அது ஓடி வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "கையால் ஊட்டினால்தானே நம்மோடு ஒட்டும்" என்று கேட்பீர்கள். என்னிடமும் அப்படிச் சொல்லித்தான் நான்கு வாரக் குஞ்சைக் கொடுத்தார்கள். 1999இல் ஏங்கஸ், மில்லம் என்ற இரு ஆய்வாளர்கள் ஆரஞ்சு இறக்கை அமேசான் என்ற கிளியின் குஞ்சுகளைப் பெற்றவற்றிடமே வளரவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் மட்டும் கையில் எடுத்துப் பழக்கினார்கள். அவை மனிதரிடம் நன்றாகப் பழகின. ஆக, பழக்கத்துக்கு சிரிஞ்ச் கட்டாயமில்லை. தானாகத் தின்னாத குஞ்சை, ஊட்டத் தெரியாதவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் முடிவு. வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், சில வாரம் பொறுத்து, தானாகத் தின்று எடை நின்ற பிறகு கூட்டி வாருங்கள். வந்த புதிதில் பயத்தில் மறுபடி ஊட்டச் சொல்லி அழலாம், அப்போது முகம் சுளிக்காமல் ஊட்டுங்கள்.

என் குஞ்சு பத்தாவது வாரம் ஒரு ராத்திரி கரண்டியைப் பார்த்ததும் அலகை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. நேரே கிண்ணத்துக்குப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. எடை 86இல் நின்றது. சில வாரம் கழித்துக் கூண்டை வேறு அறைக்கு மாற்றிய அன்று மட்டும், தோளைக் குறுக்கித் தலையை ஆட்டிப் பழைய குரலில் கேட்டது. கூழ் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கரண்டி வாங்கியது. மூன்றாவதை அலகால் தட்டிவிட்டு என் தோளில் ஏறித் தூங்கிப்போனது.