சோர்க் முதல் எழுத்து விளையாட்டும் இல்லை, அந்த வகை அழியவும் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “உலகின் முதல் எழுத்து விளையாட்டு சோர்க், படத்தோடு ஆட்டங்கள் வந்ததும் அந்த வகையே அழிந்துவிட்டது.” எழுத்து விளையாட்டு என்றால் படமே இல்லாமல், திரையில் வரும் எழுத்தைப் படித்து, கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் கணினி ஆட்டம். செய்தியில் உள்ள இரண்டுமே தவறு.

வில் கிரௌதர் தனக்குப் பழக்கமான கெண்டக்கி மாமத் குகையை வைத்து 1970களின் நடுவில் ‘அட்வென்ச்சர்’ எழுதினார், டான் உட்ஸ் 1977இல் அதை விரிவாக்கினார், அதை ஆடிப் பார்த்து மயங்கிய எம்ஐடி (அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஆட்கள்தான் அதே வருடம் சோர்க்கைத் தொடங்கினார்கள். அட்வென்ச்சருக்கு ஒரு கட்டளையில் இரண்டு சொல்தான் புரியும். சோர்க்குக்கு ‘வாளால் பூதத்தை அடி’ போன்ற முழு வாக்கியமே புரிந்தது, அதன் பெருமை அங்கேதான்.

சரி, அழிந்ததா? இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் போட்டி, அதாவது எழுத்து விளையாட்டுகளுக்கான போட்டி, 1995இலிருந்து வருடா வருடம் நடக்கிறது, புது ஆட்டங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சோர்க்கை விற்ற இன்ஃபோகாம் நிறுவனம் தன் ஆட்டங்களை இசட்-மெஷின் என்ற கற்பனைக் கணினிக்காக எழுதியது. அதனால் அந்தக் கணினியைப் போல நடிக்கும் சின்ன செயலி ஒன்று இருந்தால் போதும், 1980களின் ஆட்டக் கோப்பு இன்றைய போனிலும் ஓடும். எல்லாம் எழுத்து என்பதால், பார்வையில்லாதவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு யார் துணையும் இல்லாமல் ஆடலாம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் அதே குழுவில் போடுங்கள்.