கதை இருந்ததால் தப்பித்த யானை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு வள்ளிமலைக்குப் போயிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் நாம் ஏறிவிட வேண்டும் என்று ஆறரைக்கே அடிவாரத்தில் நின்றோம். வேலூர்க்காரர்களுக்கு நான் வெயிலைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் பத்து மணிக்கு அந்தப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைத்துப் பார்க்கலாம்.

பையனுக்கு மலை, சாமி எதுவும் முக்கியமில்லை. யானைக் குன்றைக் காட்டினால் போதும். வள்ளி தினைப்புனம் காத்த இடம் இது, கிழவனாக வந்த முருகனை அவள் கண்டுகொள்ளாததால் அண்ணன்காரர் யானையாக வந்து மிரட்டினார், அந்த யானைதான் கல்லாக நிற்கிறது என்று கதை சொல்லிக்கொண்டே ஏறி, ஓரிடத்தில் நின்று கையை நீட்டினேன்.

"எங்க மாமா? வெறும் கல்லுதான் தெரியுது."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குப் பிடிபடவில்லை. தும்பிக்கை எந்தப் பக்கம் என்றே குழம்பிவிட்டேன். வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பாட்டிதான், "அங்க நின்னா இன்னா தெரியும் நைனா, இப்படி வா" என்று அவன் தோளைப் பிடித்து நாலடி நகர்த்தி நிறுத்தினார். "அதோ முதுகு. தலையைத் தொங்கப் போட்டுக்கினு கீது பார்." பையன் வாயைப் பிளந்தான். அப்புறம் எனக்கும் யானையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம். பூமிக்கடியில் அழுத்தத்தில் கிடந்த கல், மேலே இருந்த பாரம் கரைந்து போனதும் விரிசல் விட்டு, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. விளிம்பெல்லாம் உதிர்ந்து உருண்டையாகிவிடுகிறது. நம் ஊர் மலைகளில் இவ்வளவு முதுகும் மண்டையும் தெரிவது அதனால்தான். யானையைச் செதுக்கியது வெயிலும் மழையும். அது யானைதான் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ, அவருக்குத்தான் நான் கும்பிடு போடுவேன்.

ஏன் என்றால், எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு கரடு இருந்தது. ஆடு மேய்க்கிற பையன்களோடு போய் ட்ரவுசர் கிழியக் கிழியச் சறுக்கிய பாறை. இன்றைக்கு அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் கல்லை உடைத்துப் பொடித்த எம்-சாண்ட் வந்தது, எம்-சாண்டுக்கு மலை தேவைப்பட்டது. எங்கள் கரட்டில் கோயில் இல்லை, குகை இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லை. குழி போட்டு வெடி வைத்தபோது ஏனென்று கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுத் தளத்திலேயே அந்த ஜல்லி கிடக்கும், யார் கண்டது. அதே கல், அதே வயது. யானைக் குன்றில் வெடி வைக்கிறேன் என்று எவனாவது சொல்லிப் பார்க்கட்டும், ஊரே திரண்டுவிடும். ஜவ்வாது மலையில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகளைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். அவை ஈமச்சின்னங்கள் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். நானும் திருத்தியிருக்கிறேன். இனிமேல் அந்த வேலைக்குப் போகமாட்டேன். குள்ளர்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கதை வெடியைத்தான் தடுக்கிறது, நம்மைத் தடுக்கவில்லை. வழியெங்கும் பெயிண்ட். இதயம், அம்பு, இரண்டு பெயர், பேட்ச் நம்பர். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. பிளஸ் டூ முடித்த வருஷம் செங்கல் துண்டால் நானும் ஒரு பாறையில் என் பெயரைக் கிறுக்கியவன்தான். கூட இன்னொரு பெயரும் இருந்தது, அது இங்கே வேண்டாம். இறங்கும்போது பையனுக்குத் தெரியாமல் அந்த இடத்தைத் தேடினேன். என் கிறுக்கல் போய்விட்டது. அதன் மேல் இப்போது நீல எனாமலில் வேறொருவன்.

இதே மலையில் சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. அங்கே 9ஆம் நூற்றாண்டில் கங்க அரசன் ராஜமல்லன் கல்வெட்டு வெட்டி, அப்பா ரணவிக்ரமன், தாத்தா ஸ்ரீபுருஷன், கொள்ளுத்தாத்தா சிவமாரன் என்று வம்சத்தையே எழுதி வைத்திருக்கிறான். "அவரு மட்டும் எழுதலாமா மாமா?" என்றான் பையன். ராஜமல்லன் முதலில் சாமிகளுக்கு ஓர் இடம் செய்து கொடுத்துவிட்டுத்தான் பெயர் எழுதினான், நாங்கள் பெயர் மட்டும் எழுதினோம் என்றேன். பதில் சரிதானா என்று தெரியவில்லை. அவன் அதற்குள் தினைமாவில் மும்முரமாகிவிட்டான்.

திரும்பும்போது டிப்பர் லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினேன். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "மாமா, அந்த மலை ஆமை மாதிரி இல்ல?" எனக்குத் தெரியவில்லை. வண்டியை நாலடி பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஆமைதான். வால் பக்கம் மட்டும் ஏற்கெனவே காணோம்.