‘பிபிஏ இல்லை’ என்ற லேபல் பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் பற்றீசியா ஹன்டின் ஆய்வுப்படி பிபிஏ (பிஸ்பினோல் ஏ, கடின பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் இரசாயனம்) மட்டும்தான் பிரச்சினை, ‘பிபிஏ இல்லை’ என்று போட்ட பால் போத்தலுக்குப் பயமில்லை என்று ஒரு பதிவு சொல்கிறது. பாதிதான் சரி.

1998இல் ஹன்டின் ஆய்வுகூடத்தில், தரை கழுவும் காரத் திரவத்தால் கழுவியதில் சுண்டெலிகளின் பொலிகாபனேற் (பிபிஏயில் செய்யும் கடின பிளாஸ்டிக்) கூடுகளும் தண்ணீர்ப் போத்தல்களும் பழுதாகி, பிபிஏ கசிந்தது. பெண் சுண்டெலிகளின் முட்டைக் கலங்களில் நிறமூர்த்தப் பிழைகள் திடீரெனக் கூடின. 2003இல் ஹன்ட் அதை வெளியிட்டார். ஆனால் அவருடைய ஆய்வுகூடமே 2018இல், பிபிஏக்குப் பதிலாக வந்த பிபிஎஸ் (பிஸ்பினோல் எஸ், அதே குடும்பத்து இரசாயனம்) போன்றவையும் சுண்டெலிகளில் அதேமாதிரிப் பாதிப்பைத் தருவதாகக் காட்டியது. (மனிதரில் அல்ல, அதையும் சேர்த்தே பகிருங்கள்.)

பப்மெட் (PubMed) என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் ஹன்ட், பிஸ்பினோல், 2018 என்று ஆங்கிலத்தில் தேடினால் ஆய்வுச் சுருக்கத்தை இலவசமாக வாசிக்கலாம்.

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ போத்தல் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தேன் நிறத்தில், ‘பிஈஎஸ்’ (PES, பொலிஈதர்சல்போன்) என்று பொறித்திருந்தால், அந்தப் பிளாஸ்டிக் பிபிஎஸ்ஸைக் கொண்டே செய்யப்படுவது. முக்கோணத்துக்குள் 5 என்றால் பொலிபுரொப்பிலீன். அதைச் செய்ய எந்த பிஸ்பினோலும் தேவையில்லை. 7 என்றால் ‘ஏனையவை’ என்பது மட்டுமே, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.