கனிமத்தின் மீதான வரி மாநிலத்திடம்தான் இருக்கிறது
ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்களுக்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரமே எஞ்சவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. மது, பெட்ரோல், பத்திரப்பதிவு ஆகியவற்றை விட்டுவிட்டாலும், கிரானைட் குவாரிகள் நிறைந்த எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் நன்கறிந்த ஒரு வரி இருக்கிறது. கனிமத்தை எடுப்பதற்கான கட்டணமாகச் செலுத்தும் ராயல்டி என்பது வரி ஆகாது என்றும், கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று 8:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ராயல்டியும் வரிதான் என்று 1989-இல் சொல்லப்பட்டது அத்துடன் மாறிப்போனது. அதன் பிறகு இங்கே இயற்றப்பட்ட கனிமவள நில வரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, காவேரிப்பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, டிப்பரில் வந்து இறங்கிய ஜல்லி, எம்-சாண்ட் விலையிலேயே அது தெரிந்துவிட்டது. (வரி போட்டது சென்னையா, டெல்லியா என்பது லோடு இறக்கியவருக்குத் தெரியாது, அது வேறு கதை.) மாநிலங்களின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும், அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலின் 50-ஆவது பதிவிலேயே, கனிம வளர்ச்சி தொடர்பான சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் இந்த அதிகாரத்துக்கு வரம்பு விதிக்கலாம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு சட்டம் வராத வரையில், குவாரி லாரிகள் குழியாக்கிய ஊராட்சிச் சாலைகளுக்கு இந்த வரியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற கேள்வியை நாம் கோட்டையிடம்தான் கேட்க வேண்டும்.