கலரிக்குப் போகிறவர்கள்

எங்கள் வீட்டில் ‘கலரி’ என்ற சொல்லை அப்பா ஒரு பொருளிலும் நான் வேறொரு பொருளிலும் வழங்கி வருகிறோம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த அப்பாவுக்குக் கலரி என்பது செல்லமஹால் தியேட்டரில் திரைக்கு ஆகக் கிட்டே, கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு படம் பார்க்க வேண்டிய, சாய்வதற்கு முதுகில்லாத வாங்குகள் போட்ட, ஆகக் குறைந்த விலை ரிக்கற்றுக்குரிய பகுதி. எனக்கோ அது ஓவியங்கள் தொங்குகிற, காலடிச் சத்தம் கேட்குமளவுக்கு அமைதியான, எங்கள் வெள்ளவத்தைச் சனங்களில் பலர் வாசல் வரை வந்தும் “இது எங்களுக்குரிய இடமில்லை” என்று திரும்பிவிடுகிற மண்டபம். காசில்லாதவனின் இருக்கைக்கு இருந்த பெயர் ஒரே தலைமுறைக்குள் காசுள்ளவனின் கூடத்துக்குப் பெயராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கலரிக்குப் பெரும்பாலும் ரிக்கற்றே இல்லை.

படம் பார்ப்பதையும் கண்காட்சி பார்ப்பதையும் கொழும்புத் தமிழர்களாகிய நாம் விசேஷங்களாக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை. படம் என்றால் பெரிய நடிகருடைய படம், முதல் வாரம், குடும்பத்தோடு, முன்பதிவு செய்து, சோளப்பொரியும் குளிர்பானமும் வாங்கி, வரும் வழியில் கொத்துரொட்டியும் சாப்பிட்டு, ஒரு நாட் சம்பளத்தைக் கரைத்துவிட்டு வருவது. கண்காட்சி என்றால் யாராவது தெரிந்தவர் அழைப்பிதழ் தந்து, மங்கள விளக்கேற்றும் வேளைக்குச் சேலை கட்டிக்கொண்டு போய், பேச்சுகளைக் கேட்டு, பற்றிஸ் சாப்பிட்டு, ஓவியத்தைத் திரும்பிப் பாராமலே வருவது. காலிமுகத்திடலுக்குக் காற்று வாங்கப் போகிறவர் எவரும் அதற்கு அழைப்பிதழ் எதிர்பார்ப்பதில்லை. கடலை விளங்கிக்கொண்டேனா என்று கவலைப்படுவதுமில்லை. அந்த மனநிலையோடு ஓர் ஓவியத்துக்கு முன்னாலோ ஒரு திரைக்கு முன்னாலோ போய் நிற்க நமக்கு ஏன் கூச்சம் என்று பல நாள்களாக யோசித்து வருகிறேன்.

எனக்கு இந்தப் பழக்கம் உயர்ந்த காரணம் எதனாலும் வரவில்லை. என் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறது. ஒரு சித்திரை மாதத்து மதிய இடைவேளையில் வெக்கை தாங்காமல், குளிரூட்டியை நம்பி, கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இயங்கும் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். 2019 டிசம்பரில் வேறிடத்தில் தொடங்கிப் பின்னர் இங்கே இடம்மாறி வந்த அந்த அருங்காட்சியகத்துக்கு அனுமதிக் கட்டணம் இல்லை. கையில் சுப்பர் மார்க்கட் பை. அதற்குள் கரட்டும் லீக்ஸும். ஒருவரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த விளக்கக் குறிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஒரே அளவு எழுத்தில், அதுவும் வாசிக்கக்கூடிய தமிழில் இருந்ததைக் கண்டபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஓவியங்களுக்கு முதல் அந்தத் தமிழைத்தான் ஒவ்வொரு சுவராக வாசித்து முடித்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் அலுவலகம் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன்; அப்போது வானம் மப்பும் மந்தாரமுமாகத்தான் இருந்தது.

தமிழைப் பற்றிச் சொன்னதால் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ஓவியரும் தமிழர், கருப்பொருளும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள். குறிப்புகளோ ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. வாசலில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தில் நான் தமிழில் நாலு வரி எழுதிவிட்டு, முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தமிழில் எழுதிய வேறொரு கையும் இல்லை. குறை அந்தக் கூடத்தில் மட்டுமா என்று வீடு வரும்வரை என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் நாம் ஐம்பது பேர் தமிழில் எழுதியிருந்தால் அடுத்த கண்காட்சிக்கு யாராவது ஒருவர் மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருப்பார்.

“அதெல்லாம் எனக்கு விளங்காது” என்பதுதான் நான் கூப்பிடும்போதெல்லாம் கிடைக்கிற பதில். இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடே இல்லை. கடந்த ஆண்டு அம்மாவைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டிமுடித்த ஒப்பந்தகாரர் வாப்புச்சி மரைக்கார், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூட வேண்டும் என்று மட்டும் கேட்டாராம் என்ற கதையை உள்ளே போகும்போது சொன்னேன். அம்மா அதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். பொலன்னறுவைச் சிவாலயங்களின் சுற்றாடலிலிருந்து அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள் அங்கே இருக்கின்றன. நான் நடராசர் முன்னால் நின்று, படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். அம்மா ஓர் அம்மன் படிமத்துக்கு முன் குனிந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஆடையின் மடிப்பை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே எண்ணிவிட்டு, “இஞ்ச பார் பிள்ளை, வார்த்தவனுக்குச் சேலை உடுக்கத் தெரிஞ்சிருக்கு” என்றார். பிறகு சுந்தரமூர்த்தி நாயனாரிடம் போனார். திடீரென்று எதையோ கண்டு அப்படியே நின்றுவிட்டவர் போன்ற அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “கலியாணத்தண்டு மறிச்சால் வேறை எப்பிடி இருக்கும்?” என்று கேட்டார். கலியாணத்தன்று சிவன் வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை நானும் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். ஆனால் அந்த முகத்தில் அது எனக்குத் தெரியவில்லை. விளங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பார்க்கத் தெரியாமல் நின்றது நான்.

அந்தப் படிமங்களைப் பற்றி 1914இலேயே நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, நூதனசாலை திறந்த அதே 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர். அவர் பெயர் தாங்கிய வீதியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கிறீன் பாத் என்றே சொல்கிறார்கள். விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரமாக அந்த நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களை வரிசையாக வைத்து விற்கிறார்கள். அவற்றில் பாதி யானையும் சூரியாஸ்தமனமும்தான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, நானும் சுளித்திருக்கிறேன். ஆயினும் தூரிகை பிடித்தவரோடு நேருக்கு நேர் நின்று, இந்த நீலத்தை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்கக்கூடிய இடம் இந்த நகரத்தில் வேறு எத்தனை இருக்கிறது? 1993 முதல் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து வருகிற ‘கலா பொல’ என்ற ஓவியச் சந்தையன்று வீதி முழுவதும் ஓவியர்கள் நிறைந்திருப்பார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு உறவினர் வீடு போக 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிற நாம், நகர மண்டபப் பக்கம் இடையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும்.

இனி, சினிமாவும் ஓவியமும் வெவ்வேறு வகை மனிதர்களுக்கு உரியவை என்ற எண்ணம் இந்த நகரத்தில் எப்படி வந்தது என்பதே எனக்கு வியப்பு. லயனல் வென்ட் என்ற ஒரே மனிதர் பியானோ வாசித்தார், புகைப்படம் எடுத்தார், இலங்கையைப் பற்றி 1934இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆவணப்படத்துக்குக் குரலும் கொடுத்தார். அவருடைய வீட்டில்தான் 1943இல் ‘43 குழு’ என்ற ஓவியர் குழு கூடியது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸின் இல்லம், பார்ன்ஸ் பிளேசில், சபுமல் மன்றமாக இன்றும் திறந்திருக்கிறது. பழைய வீடு, அறைக்கு அறை காவலர் விளக்கைப் போட்டுக்கொண்டே முன்னால் நடப்பார், நாம் பின்னால் போக வேண்டும். அங்கே ஐவன் பீரிஸின் ஓவியங்களும் உள்ளன. வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தவர், நினைவிலிருந்தே திரும்பத் திரும்ப நம் கடற்கரையை வரைந்தார்: சத்தமில்லாத கடல், ஒல்லியான மரங்கள், யாருக்கோ காத்திருப்பது போல இரண்டொரு மனிதர். வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால் நான் தினமும் காணும் கடல்தான். ஆனால் ரயில் போய்விட்ட பிறகு வரும் அந்த ஒரு நிமிட அமைதியை மட்டும் பிடித்து வைத்தது போன்றது. இவருடைய அண்ணன்தான் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். ஸ்டூடியோச் சுவர்களை விட்டு வெளியே வந்து, ஊருக்குள் இயற்கை வெளிச்சத்தில் எடுத்த முதற்படத்தை 1956இல் தந்து, சிங்கள சினிமாவின் போக்கையே மாற்றியவர். தம்பி தூரிகையாலும் அண்ணன் கமராவாலும் பார்த்தது ஒரே வெளிச்சத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்க்கிற பழக்கம் இல்லாவிட்டால் அந்தக் கற்பனைக்கும் வழியில்லை.

படத்தின் பக்கம் வந்தால், நமது பார்வை இன்னும் குறுகியது. முதலாவது சிங்களப் பேசும்படம் 1947 ஜனவரி 21இல் திரையிடப்பட்டது கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி தியேட்டரில், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை. அப்படிப் பிறந்த சினிமாவை இன்று நம்மில் எத்தனை பேர் தியேட்டரில் போய்ப் பார்க்கிறோம்? அசோக ஹந்தகம 2012இல் யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்துத் தமிழிலேயே ஒரு படம் தந்தார். அதைப் பார்த்தீர்களா என்று என் அலுவலகத்துத் தமிழர் ஐவரிடம் கேட்டேன், ஒருவர் கேள்விப்பட்டிருந்தார். சிறிய படங்கள் வந்த வேகத்தில் ஓடிவிடுகின்றன என்று குறைப்படும் உரிமை, அவை ஓடிய வாரத்தில் போய்ப் பார்த்தவருக்கே உண்டு. ஒருமுறை செவ்வாய்க்கிழமைப் பகற்காட்சிக்குப் போனேன். மொத்தம் நான்கு பேர்: ஓர் ஓய்வுபெற்றவர், கையோடு கை கோத்த ஒரு சோடி, நான். பதினைந்து நிமிடம் காக்கவைத்துவிட்டு, ஆள் காணாது, காட்சி இல்லை என்று காசைத் திருப்பித் தந்தார்கள். கோபம் வந்தது, ஆனால் நாலு ரிக்கற்றுக்கு அந்தப் பெரிய மண்டபத்தைக் குளிரூட்ட எவரால் முடியும்? ஓய்வுபெற்றவர் மட்டும் “நாளைக்கும் வருவேன்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். வாரநாட் காட்சியில் சீட்டி இல்லை, கைப்பேசி வெளிச்சம் குறைவு, பின்னால் இருக்கும் பிள்ளை நம் கதிரையை உதைப்பதுமில்லை. நான் இப்போது விடுமுறை எடுக்க நேரும் நாள்களில் வங்கி, பல் வைத்தியர் ஆகிய அலுவல்களை முடித்துவிட்டு, காலை 10.30 காட்சி எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ரியூசன் வகுப்புகளுக்கு வெளியே, வாகனத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத் தடவிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருக்கும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். கில்போர்ட் கிறெசன்றிலுள்ள லயனல் வென்ட் நிலையத்தின் கலரிக்கு அங்கிருந்து ஓட்டோவில் போய்வரவும், ஒரு கண்காட்சியைப் பார்க்கவும், அந்த இரண்டு மணித்தியாலம் தாராளம். அநேக வார இறுதிகளில் அங்கே ஏதாவது ஒன்று நடக்கும். எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்த நாள்களும் உண்டு. காசு கொடுக்காத இடத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் வெளியே வருவதில் உள்ள சுதந்திரமே தனி.

போன மாதம் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். “கலரிக்கோ? அந்த வயதெல்லாம் போட்டுது” என்று வழியெல்லாம் பகிடி விட்டுக்கொண்டே வந்தார். உள்ளே நடுவில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் அமர்ந்து, பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, “இதுக்கும் முதுகில்லை” என்றார். பிறகு எதிர்ச் சுவரிலிருந்த ஒரு பெரிய படத்தை, அதன் தலைப்பையோ வரைந்தவரின் பெயரையோ கேளாமல், முப்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, கச்சான் இருந்தால் நல்லது என்றார். எழும்பி வரும்போது, பிடித்ததா என்று கேட்டேன். “இடது பக்க மூலையிலை ஒரு ஆள் நிக்கிறான், கண்டனியோ?” என்றார். நான் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க நேரமிருக்கவில்லை. மகனின் வகுப்பு முடியும் நேரம்.

வருகிற சனிக்கிழமையும் மகனை வகுப்பில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் போகிறோம். என்ன கண்காட்சி என்று நான் இன்னும் பார்க்கவில்லை. கச்சான் வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.