கிரில் ஓட்டில் இருக்கும் ஃப்ளூரைடு

ஃப்ளூரைடு என்றாலே அளவை மட்டும்தான் பேசுகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீருக்கு அது சரி. ஆனால் ஓட்டோடு பிடிபடும் கடல் உணவுக்கு ஓர் எண் போதாது. ஃப்ளூரைடு உடம்பில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அண்டார்டிக் கடலில் கிடைக்கும் கிரில் பார்க்க நம்ம சென்னாக்கூனி மாதிரி இருக்கும், இனம் வேறு. கடல்நீரில் ஃப்ளூரைடு லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம்தான். அதில் வாழும் கிரிலைக் காயவைத்து அளந்தால் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வருகிறது! 1979-ல் நார்வே ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். உலகத்தின் பசியைக் கிரில் தீர்த்துவிடும் என்று நம்பி, சோவியத் கப்பல்கள் அதை டன் டன்னாக அள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

இதில் பெரும்பங்கு ஓட்டில்தான். கைட்டின் என்ற நார்ப்பொருள், புரதம், கால்சியம் கார்பனேட், கொஞ்சம் பாஸ்பேட் சேர்ந்த ஓடு அது. சில வாரங்களுக்கு ஒருமுறை கிரில் அதை உரித்துப் போடும்போது ஃப்ளூரைடும் கூடவே போய்விடும். புது ஓட்டில் மறுபடி சேரும். உயிரோடு இருக்கும்வரை சதையில் மிகக் குறைவு. செத்த பிறகுதான் ஓட்டிலிருந்து சதைக்குள் இறங்க ஆரம்பிக்கும். அப்படியென்றால் எவ்வளவு நேரம் கழித்து, எந்தக் குளிரில் வைத்திருந்து ஓட்டைப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே வலையில் வந்த கிரிலின் சதையிலேயே ஃப்ளூரைடு மாறும்.

இறுக்கமாகப் பிடிபட்ட ஃப்ளூரைடைப் பார்க்க வேண்டுமானால் வட ஆஸ்திரேலிய ஆறுகளில் வாழும் செராக்ஸ் என்ற கிரேஃபிஷின் (இறால் போன்ற நன்னீர் ஓட்டுயிர்) தாடையைப் பார்க்க வேண்டும். 2012-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அந்தத் தாடையின் உட்பகுதி படிக ஒழுங்கு இல்லாத கனிமம். கடிக்கும் முனையில் மட்டும் ஃப்ளூரோஅபடைட் (ஃப்ளூரைடு சேர்ந்த கால்சியம் பாஸ்பேட்) படிகங்களால் ஆன ஒரு மூடி, அமைப்பில் நம் பல் எனாமலைப் போலவே. அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி) உட்கார வேண்டிய இடத்தில் ஃப்ளூரைடு உட்கார்ந்தால் கால்சியம் அணிகளுக்கு நடுவில் அது கச்சிதமாகப் பொருந்திவிடும். அமிலத்திலும் எளிதில் கரையாது. முதுகெலும்பே இல்லாத ஓர் உயிர், எனாமலோடு எந்த உறவும் இல்லாமல், தானாக இந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தீவன விதியில் விலங்கு வழிப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றும், கிரில் போன்ற ஓட்டுயிர்களுக்கு 3000 என்றும் தனித்தனி எல்லை உண்டு. ஓட்டின் வேதியியலை மதித்து வைத்த விதி என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் அதுவும் மொத்தக் கணக்குதான். மனிதர் சாப்பிடக் கிரில் விற்பவர்கள், பிடித்த எத்தனை மணி நேரத்தில் ஓட்டை நீக்கினார்கள் என்பதையும், நீக்கிய பின் சதையில் மிஞ்சிய ஃப்ளூரைடு எவ்வளவு என்பதையும் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும்.